டார்வின்: உப்புத் தண்ணீரில் ஊறிய விதைகள், 20 ஆண்டு காத்திருப்பு... பரிணாமத்துக்கு ஆதாரம் சேர்ந்த கதை

பரிணாமம் என்று சொன்னதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரே ஒரு படம்தான். கூன் விழுந்த குரங்கு ஒன்று படிப்படியாக முதுகை நிமிர்த்தி, கடைசியில் மனிதனாக நடந்து போகும். அந்தப் படத்துக்கும் சார்ல்ஸ் டார்வினுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது வெளியானது 1965ல். அதாவது டார்வின் இறந்து 83 ஆண்டுகள் கழித்து.

இன்றிருக்கும் குரங்கு மனிதனாக மாறியது என்று அவர் சொன்னதும் இல்லை. மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் வெகு காலத்துக்கு முன்பு ஒரே மூதாதை இருந்திருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய முடிவு. பெரியப்பா பிள்ளைகளும் சித்தப்பா பிள்ளைகளும் ஒரே தாத்தாவிடம் போய்ச் சேர்வது மாதிரி. பெரியப்பா மகன் நமக்குத் தாத்தா ஆகிவிட மாட்டார், அதானே?

இன்னொரு விஷயமும் உண்டு. உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்ற எண்ணம் டார்வினுக்கு முன்பே இருந்தது. அவருடைய தாத்தா எராஸ்மஸ் டார்வினே அப்படி எழுதியிருக்கிறார். பிரான்ஸில் லமார்க் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் உலகம் ஏன் இந்த ஒருவரின் பெயரை மட்டும் சொல்கிறது?

ஒரே வார்த்தையில் பதில்: ஆதாரம். எண்ணம் தோன்றிய பிறகு சுமார் 20 ஆண்டுகள், அதை வெளியில் சொல்லாமல், தனக்குத் தானே எதிர்க்கட்சி வக்கீலாக நின்று சோதித்துப் பார்த்தவர் அவர். எப்படிச் சோதித்தார்? விரிவாகப் பார்ப்போம்.

அறுவை சிகிச்சையைப் பார்த்து ஓடிய மருத்துவ மாணவர்

1809 பிப்ரவரி 12 அன்று இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார் டார்வின். அப்பா ராபர்ட் டார்வின் ஊரறிந்த டாக்டர், வசதியான குடும்பம். 8 வயதில் அம்மா இறந்துபோனார்.

மகனும் டாக்டராக வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். 1825ல் எடின்பரோவுக்கு மருத்துவம் படிக்க அனுப்பினார். அது மயக்க மருந்து வராத காலம். நோயாளி அலற அலறத்தான் அறுவை சிகிச்சை நடக்கும். அதைப் பார்க்க முடியாமல் டார்வின் அறையை விட்டு ஓடினார். மருத்துவப் படிப்பும் பாதியில் நின்றது.

ஆனா எடின்பரோவில் ஒரு நல்ல காரியம் நடந்தது. தென் அமெரிக்காவின் கயானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஜான் எட்மன்ஸ்டன் என்பவர் அங்கே வசித்தார். பறவைகளின் தோலை உரித்துப் பாடம் செய்யும் கலையை டார்வின் அவரிடம்தான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டார். பின்னாளில் கப்பல் பயணத்தில் மிகவும் கைகொடுத்த வித்தை அது.

அடுத்து பாதிரியார் ஆகலாம் என்று கேம்பிரிட்ஜ். அங்கேயும் படிப்பை விட வண்டு பிடிப்பதில்தான் ஆர்வம். தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோ இந்த இளைஞரைக் கவனித்தார். உலகைச் சுற்றி வரைபட வேலைக்குப் போகும் பீகிள் என்ற கப்பலுக்கு இவரைப் பரிந்துரைத்ததும் அவர்தான்.

அப்பா முதலில் சம்மதிக்கவில்லை. தாய்மாமா ஜோசையா வெட்ஜ்வுட் பேசிப் பார்த்து மனதை மாற்றினார். 1831 டிசம்பர் 27 அன்று கப்பல் கிளம்பியது. டார்வினுக்கு அப்போது வயது 22.

2 ஆண்டுப் பயணம் 5 ஆண்டானது

2 ஆண்டுகள் என்று திட்டமிட்ட பயணம், கிட்டத்தட்ட 5 ஆண்டுகள் நீடித்தது. கடல் பயணம் டார்வினுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. வாந்தியும் தலைசுற்றலும் கடைசி வரை விடவில்லை. அதனாலேயே கப்பல் கரை தொட்ட இடத்திலெல்லாம் இறங்கி, மாதக்கணக்கில் நிலத்தில் சுற்றினார்.

1832ல் அர்ஜென்டினா கடற்கரையில் அழிந்துபோன ராட்சத விலங்குகளின் எலும்புகள் கிடைத்தன. ஒன்று யானை அளவுக்கு வளரக்கூடிய ஸ்லாத். இன்னொன்று உடம்பு முழுக்க ஓட்டுக் கவசம் கொண்ட பெரிய விலங்கு. இதில் விசேஷம் என்னவென்றால், அதே தென் அமெரிக்காவில் இன்றும் சின்ன ஸ்லாத்கள் இருக்கின்றன. ஓட்டுக் கவசம் கொண்ட சின்ன ஆர்மடில்லோக்களும் இருக்கின்றன. செத்துப்போன ராட்சதர்களும் உயிரோடிருக்கும் சிறியவையும் ஒரே ஜாடையில், ஒரே கண்டத்தில் இருப்பது ஏன்? இந்தக் கேள்வி அவர் மனதில் ஒட்டிக்கொண்டது.

1835 பிப்ரவரி 20 அன்று சிலியில் பெரும் நிலநடுக்கம். டார்வின் அப்போது அங்கேதான் இருந்தார். கன்செப்சியன் நகரம் இடிந்து கிடந்தது. கடலோர நிலம் சில அடி உயர்ந்து, பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகள் தண்ணீருக்கு மேலே வந்து அழுகிக்கொண்டிருந்தன. ஆண்டிஸ் மலையில் ஆயிரக்கணக்கான அடி உயரத்திலும் கடல் சிப்பிகளைப் பார்த்தார். ஒரு நிலநடுக்கத்தில் சில அடி உயர்ந்தால், எத்தனை லட்சம் ஆண்டுகளில் ஒரு மலை எழுந்திருக்கும்? சின்னச் சின்ன மாற்றம், மிக மிக நீண்ட காலம். இந்தக் கணக்குதான் பின்னால் உயிரினங்களுக்கும் பொருந்தியது.

கலாபகஸ் தீவில் உண்மையில் நடந்தது என்ன?

1835 செப்டம்பரில் கப்பல் கலாபகஸ் தீவுகளை அடைந்தது. அங்கே ஃபிஞ்ச் குருவிகளின் அலகைப் பார்த்தார், உடனே பரிணாமம் புரிந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடக்கவில்லை.

சொல்லப்போனால் டார்வின் அங்கே ஒரு கோட்டை விட்டார். எந்தக் குருவியை எந்தத் தீவில் பிடித்தோம் என்று சரியாகக் குறித்து வைக்கவில்லை. ஆமை ஓட்டைப் பார்த்தே அது எந்தத் தீவு ஆமை என்று சொல்லிவிடலாம் என அங்கிருந்த துணை ஆளுநர் சொன்னபோதும், அதன் முக்கியத்துவம் உடனே உறைக்கவில்லை. கப்பலில் ஏற்றிய ஆமைகளைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு ஓடுகளைக் கடலில் வீசிவிட்டார்கள்.

ஒன்றை மட்டும் கவனித்தார். மாக்கிங்பேர்ட் என்ற பறவை தீவுக்குத் தீவு வேறு மாதிரி இருந்தது.

1836 அக்டோபரில் ஊர் திரும்பிய பிறகு, பறவை நிபுணர் ஜான் கூல்டிடம் சேகரிப்பைக் கொடுத்தார். 1837 ஜனவரியில் கூல்ட் சொன்ன முடிவுதான் திருப்புமுனை. டார்வின் வெவ்வேறு வகைப் பறவைகள் என்று நினைத்தவை எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஃபிஞ்ச்கள். அலகுகள்தான் வேறு வேறு. மாக்கிங்பேர்டிலும் 3 தனித்தனி இனங்கள். கப்பலில் வந்த மற்றவர்கள் தங்கள் பறவைகளில் தீவுப் பெயரை ஒழுங்காக எழுதி வைத்திருந்ததால், அதை வாங்கித்தான் தன் தவறை ஓரளவு சரிசெய்தார் டார்வின்.

அதே 1837ல் ஒரு குறிப்பேட்டில் கிளை பிரியும் மரம் ஒன்றை வரைந்தார். ஒரே அடிமரம், பல கிளைகள். உயிரினங்களின் உறவுமுறை இப்படித்தான் இருக்கும் என்பது அதன் பொருள்.

இயற்கைத் தேர்வு என்றால் என்ன?

மாற்றம் நடக்கிறது, சரி. எப்படி நடக்கிறது? 1838 செப்டம்பர் கடைசியில் மக்கள்தொகை பற்றி மால்தஸ் எழுதிய புத்தகத்தைப் படித்தபோது அவருக்குப் பொறி தட்டியது. விஷயம் ரொம்ப எளிமையானது.

ஒன்று, ஒரே இனத்தில் பிறக்கும் குட்டிகள் அச்சு அசலாக ஒன்று போல இருப்பதில்லை. சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு.

இரண்டு, அந்த வித்தியாசங்களில் பல, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகின்றன.

மூன்று, பிழைக்கக்கூடியதை விட அதிகமாகவே பிறக்கின்றன. எல்லாவற்றுக்கும் உணவும் இடமும் கிடைப்பதில்லை.

நான்கு, அந்தச் சூழலுக்குப் பொருத்தமான வித்தியாசம் உள்ளவை கூடுதலாகப் பிழைத்து, கூடுதலாகக் குட்டி போடும். தலைமுறை தலைமுறையாக அந்தக் குணம் பெருகும்.

அவ்வளவுதான். இங்கே தேர்ந்தெடுக்க யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. சூழலே சல்லடை. வலுத்தவன் வாழ்வான் என்று இதைச் சுருக்குவதும் சரியில்லை. வறட்சியில் குறைவாகச் சாப்பிடும் சின்ன உடம்பே பொருத்தமாக இருக்கலாம்.

கையில் விடை இருந்தும் ஏன் மௌனம்?

1839ல் மாமா மகள் எம்மாவைத் திருமணம் செய்துகொண்டார். 1842ல் லண்டனை விட்டு கென்ட் பகுதியில் உள்ள டவுன் என்ற கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார். அந்த ஆண்டு தன் கோட்பாட்டைச் சுருக்கமாக எழுதினார். 1844ல் அதை 230 பக்கங்களாக விரித்தார். திடீரென இறந்துவிட்டால் இதை அச்சிட 400 பவுண்ட் ஒதுக்கும்படி மனைவிக்குக் கடிதமும் எழுதி வைத்தார். ஆனால் வெளியிடவில்லை.

பயம் இருந்திருக்கலாம். எம்மா ஆழ்ந்த இறைநம்பிக்கை உள்ளவர். அதே 1844ல் பெயர் போடாமல் ஒரு புத்தகம் வந்தது. உயிரினங்கள் மாறுகின்றன என்று சொன்ன அந்தப் புத்தகத்தை விஞ்ஞானிகள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். காரணம், பேச்சு பெரிதாக இருந்தது, ஆதாரம் பலவீனமாக இருந்தது. ஆதாரம் பத்தாமல் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதை டார்வின் நேரிலேயே பார்த்துவிட்டார்.

அதனால் வேலையில் இறங்கினார். 1846ல் தொடங்கி 8 ஆண்டுகள் பார்னக்கிள் ஆராய்ச்சி. பாறையிலும் படகின் அடியிலும் கொத்தாக ஒட்டிக்கொள்ளும் சின்னக் கடல் உயிரி அது. வீடு முழுக்க அதே வேலை நடந்ததால், எல்லா அப்பாக்களும் இதைத்தான் செய்வார்கள் என்று நினைத்த அவரது குழந்தை ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர் பார்னக்கிள் வேலையை எங்கே உட்கார்ந்து செய்கிறார் என்று கேட்டதாக ஒரு கதை உண்டு.

அந்த 8 ஆண்டுகள் வீண் போகவில்லை. ஒரே இனத்துக்குள் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்பதை மைக்ரோஸ்கோப் அடியில் பார்த்தார். அவருடைய கோட்பாட்டின் முதல் படியே அந்த வித்தியாசம்தான்.

இதற்கிடையில் 1851 ஏப்ரலில் பெரிய இடி. செல்ல மகள் ஆனி, 10 வயதில் நோயில் இறந்துபோனாள். எம்மா நிறைமாதக் கர்ப்பிணி, வீட்டில் இருந்தார். சிகிச்சைக்குப் போன ஊரில் மகளின் படுக்கை அருகே இருந்தது டார்வின்தான். 10 குழந்தைகளில் 3 பேரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்த தகப்பன் அவர். பிறப்பதெல்லாம் பிழைப்பதில்லை என்பது அவருக்கு வெறும் புத்தக வரி இல்லை.

வீட்டுத் தோட்டமே ஆய்வுக்கூடம்

டார்வினின் சோதனைகளில் பலவற்றை இன்று ஒரு பள்ளி மாணவரே செய்து பார்க்கலாம். சிலவற்றைப் பாருங்க.

விதைச் சோதனை: கடலுக்கு நடுவே இருக்கும் தீவுக்குச் செடிகள் எப்படிப் போயிருக்கும்? உப்புத் தண்ணீரில் விதை செத்துவிடும் என்பது அன்றைய பொதுவான எண்ணம். டார்வின் 87 வகை விதைகளை உப்பு நீரில் ஊறப்போட்டார். 28 நாள் கழித்து எடுத்து விதைத்தால், 64 வகை முளைத்தன. 137 நாள் ஊறிய பிறகும் சில முளைத்தன. அட்லாண்டிக் நீரோட்டத்தின் வேகத்தை வைத்து, 28 நாளில் 900 மைலுக்கு மேல் ஒரு விதை போக முடியும் என்று கணக்குப் போட்டார்.

உடனே அவரே ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். விதை முளைத்தால் போதுமா? மிதக்க வேண்டாமா? பல விதைகள் மூழ்கிவிட்டன. சரி, காய்ந்த செடிகள், காய்ந்த கொட்டைகளை வைத்து மறுபடி செய்தார். பச்சையாக இருந்தபோது உடனே மூழ்கிய ஹேசல் கொட்டை, காய்ந்த பிறகு 90 நாள் மிதந்து, அப்புறம் முளைக்கவும் செய்தது.

சேற்றுச் சோதனை: குளத்தின் ஓரத்திலிருந்து 3 மேசைக்கரண்டி சேறு எடுத்து, அறையில் மூடி வைத்தார். 6 மாதத்தில் அதிலிருந்து முளைத்த செடிகள் 537. பறவையின் காலில் ஒட்டும் கொஞ்சம் சேறு போதும், செடிகள் ஊர் விட்டு ஊர் போக.

களைச் சோதனை: 3 அடிக்கு 2 அடி நிலத்தைச் சுத்தம் செய்து, முளைக்கும் களை ஒவ்வொன்றையும் எண்ணினார். மொத்தம் 357 முளைத்தன. அதில் 295 செத்துப்போயின. பெரும்பாலும் ஓடில்லா நத்தைகளும் பூச்சிகளும் தின்றுவிட்டன. வாழ்க்கைப் போராட்டம் என்பது சிங்கமும் புலியும் மோதுவது மட்டுமல்ல, கொல்லைப்புறத்திலேயே நடக்கிறது என்பதற்குக் கணக்கோடு ஆதாரம்.

புறாச் சோதனை: லண்டன் புறா வளர்ப்பவர்களின் சங்கங்களில் உறுப்பினராகச் சேர்ந்தார். வாலை விசிறி மாதிரி விரிக்கும் லக்கா, ஆகாயத்தில் பல்டி அடிக்கும் கர்ணப் புறா, தொண்டையைப் பலூன் மாதிரி ஊதும் வகை என்று பல ரகங்களை வளர்த்தார். எலும்புக்கூட்டை அளந்தார். பார்த்தால் தனித்தனிப் பறவை போலத் தெரியும் இவை எல்லாமே மாடப்புறாவிலிருந்து வந்தவை என்ற முடிவுக்கு வந்தார். எப்படி? வேறு வேறு நிற ரகங்களைக் கலந்து வளர்த்தபோது, பேரக்குஞ்சுகளில் மாடப்புறாவின் நீல நிறமும் இறக்கையின் கறுப்புப் பட்டையும் திரும்பி வந்தன.

இந்தப் புறா விஷயத்தில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. அன்றைய மெட்ராஸ் அரசில் உயர் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட், டார்வின் கேட்டுக்கொண்டதால் இங்கிருந்து புறாத் தோல்களை அனுப்பி வைத்தார். கொல்கத்தாவிலிருந்து எட்வர்ட் பிளித் இந்திய விலங்குகள் பற்றிப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதினார். டார்வின் உட்கார்ந்திருந்தது கிராமத்தில். தகவல் வந்தது உலகம் முழுவதிலிருந்தும்.

மனிதன் சில நூறு ஆண்டுகளில் பொறுக்கிப் பொறுக்கி இத்தனை ரகம் உண்டாக்க முடியும் என்றால், இயற்கைக்குப் பல கோடி ஆண்டுகள் கிடைத்தால்? இதுதான் அவர் கேட்ட கேள்வி.

ஒரு கடிதம், ஒரு மரணம்

1858 ஜூன் 18. இன்றைய இந்தோனேசியாவில் பூச்சி, பறவை சேகரித்துப் பிழைப்பு நடத்திவந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸிடமிருந்து ஒரு தபால் வந்தது. பிரித்துப் படித்த டார்வின் ஆடிப்போனார். காய்ச்சலில் படுத்திருந்தபோது வாலஸுக்கும் அதே எண்ணம் தோன்றியிருக்கிறது. அவருக்கும் பொறி தட்டக் காரணமாக இருந்தது மால்தஸ் புத்தகம்தான்.

20 ஆண்டு உழைப்பு கை நழுவும் நிலை. கடிதத்தை மறைத்திருக்கலாம். டார்வின் மறைக்கவில்லை. நண்பர்கள் லயலிடமும் ஹூக்கரிடமும் கொடுத்து, முடிவை அவர்களிடமே விட்டுவிட்டார். 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவரின் எழுத்தும் சேர்த்தே வாசிக்கப்பட்டது.

அந்தக் கூட்டத்துக்கு டார்வின் போகவில்லை. ஜூன் 28 அன்றுதான் அவரது ஒன்றரை வயதுக் கடைசி மகன் காய்ச்சலில் இறந்திருந்தான்.

வாலஸ் கடைசி வரை டார்வின் மீது மரியாதையோடே இருந்தார். பின்னாளில் தான் எழுதிய புத்தகத்துக்கே டார்வினிசம் என்று பெயர் வைத்தார்.

புத்தகத்தில் இருந்த ஆதாரங்கள் என்ன?

1859 நவம்பர் 24 அன்று உயிரினங்களின் தோற்றம் பற்றிய டார்வினின் புத்தகம் வெளியானது. அச்சிட்டது 1,250 பிரதிகள். உடனடியாக அடுத்த பதிப்புக்கு வேலை தொடங்க வேண்டியிருந்தது.

மனிதனின் கை, வௌவாலின் இறக்கை, குதிரையின் முன்னங்கால், கடல்பன்றியின் துடுப்பு. வேலை வேறு வேறு. ஆனா உள்ளே எலும்பு அமைப்பு ஒரே மாதிரி. ஒவ்வொன்றும் தனித்தனியாக உண்டானது என்றால் இந்த ஒற்றுமை எதற்கு?

நடுக்கடல் தீவுகளில் தவளை இயல்பாகக் காணப்படுவதில்லை. வௌவால் மட்டும் இருக்கும். காரணம், உப்புத் தண்ணீர் தவளையையும் அதன் முட்டையையும் கொன்றுவிடும். வௌவால் பறந்து வந்துவிடும். தீவில் எது இருக்கிறது என்பதை, அங்கே எது போய்ச் சேர முடியும் என்பது தீர்மானிக்கிறது.

இவற்றை விட முக்கியமான ஒன்று அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. தன் கோட்பாட்டுக்கு எதிரான சிக்கல்களுக்காகவே ஒரு தனி அத்தியாயம். கண் போன்ற சிக்கலான உறுப்பு எப்படி உருவாகியிருக்கும்? இடைப்பட்ட உயிரினங்களின் எச்சங்கள் ஏன் கிடைக்கவில்லை? எதிரிகள் கேட்கும் முன் அவரே கேட்டார். எதைக் காட்டினால் தன் கோட்பாடு உடைந்துபோகும் என்பதையும் அவரே எழுதினார்.

இடைப்பட்ட உயிரினம் எங்கே என்ற கேள்விக்கு 2 ஆண்டுகளிலேயே ஒரு பதில் கிடைத்தது. 1861ல் ஜெர்மனியில் கிடைத்த ஆர்க்கியாப்டெரிக்ஸ் எச்சத்தில் பறவையின் இறகும் இருந்தது, பல்லி போன்ற நீண்ட எலும்பு வாலும் இருந்தது.

41 ஆண்டுகள் கழித்துப் பலித்த கணிப்பு

1862ல் மடகாஸ்கர் தீவின் ஆர்கிட் பூ ஒன்று டார்வின் கைக்கு வந்தது. அதன் தேன்குழல் சுமார் 29 சென்டிமீட்டர் நீளம். தேன் இருப்பதோ அடியில். அப்படியென்றால் அவ்வளவு நீளமான உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சி ஒன்று அங்கே இருந்தே ஆக வேண்டும் என்று எழுதினார். அப்படி ஒரு பூச்சியை யாரும் பார்த்ததில்லை. சிலர் கேலி செய்தார்கள்.

1903ல் மடகாஸ்கரில் அந்த அந்துப்பூச்சி கண்டறியப்பட்டு, விவரிக்கப்பட்டது. முன்பே கணிக்கப்பட்டது என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார்கள். டார்வின் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

எங்கே சறுக்கினார்?

எல்லாவற்றிலும் அவர் சரியாக இருந்தார் என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தின் ஒரு நிலப்பகுதி அரிக்கப்பட 30 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று புத்தகத்தில் கணக்குப் போட்டார். விமர்சனம் வந்ததும் பின்னர் வந்த பதிப்பில் அதை நீக்கினார். இயற்பியல் மேதை கெல்வின், பரிணாமம் கேட்கும் அளவுக்குப் பூமிக்கு வயதே இல்லை என்று வாதிட்டது டார்வினை ரொம்ப வாட்டியது. கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது. பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள் என்பது இன்றைய கணக்கு.

பெரிய ஓட்டை, மரபு. குணங்கள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எப்படிப் போகின்றன? 1868ல் டார்வின் சொன்ன விளக்கம் தவறு. உடம்பின் எல்லாப் பாகங்களிலிருந்தும் நுண்துகள்கள் கிளம்பிச் சேர்கின்றன என்றார் அவர். அவரது உறவினர் கால்டனே முயல்களுக்கு ரத்தம் ஏற்றிச் சோதித்துப் பார்த்தார். அந்த விளக்கம் தேறவில்லை. சரியான விடையை கிரெகர் மெண்டல் பட்டாணிச் செடிகளில் கண்டுபிடித்து 1866லேயே அச்சிட்டுவிட்டார். டார்வின் காலத்தில் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1900ல்தான் உலகம் விழித்துக்கொண்டது.

மனிதனின் தோற்றம் பற்றி 1871ல் எழுதிய டார்வின், கடைசியாக 1881ல் எழுதியது மண்புழு பற்றி. மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று பார்க்க மகன் பாஸூன் என்ற குழல் வாத்தியத்தை ஊதினார், எம்மா பியானோ வாசித்தார். புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோ மேலேயே வைத்தபோது மட்டும் அதிர்வை உணர்ந்து உள்ளே இழுத்துக்கொண்டன. 70 வயதைத் தாண்டியும் அதே ஆர்வம்.

1882 ஏப்ரல் 19 அன்று 73 வயதில் டார்வின் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில், நியூட்டனின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். பெட்டியைத் தாங்கிச் சென்றவர்களில் வாலஸும் ஒருவர்.

அவர் போன பிறகு வந்த ஆதாரங்கள்

கலாபகஸ் குருவிகள்: பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973லிருந்து டாஃப்னே மேஜர் என்ற குட்டித் தீவில் ஃபிஞ்ச்களை ஒவ்வொன்றாக அளந்தனர். 1977ல் கடும் வறட்சி. சின்ன விதைகள் தீர்ந்துபோயின. மிஞ்சியது நெருஞ்சி இனத்துச் செடியின் கடினமான விதைகள். ஒரு வகை ஃபிஞ்ச்சில் சுமார் 85 சதவீதம் அழிந்தது. பிழைத்தவை பெரும்பாலும் தடித்த அலகு கொண்டவை. அடுத்த தலைமுறையின் சராசரி அலகும் தடித்தது. சில ஆண்டுகளில் மழை கொட்டி, சின்ன விதைகள் பெருகியதும் நிலைமை தலைகீழானது. இயற்கைத் தேர்வைக் கண்ணெதிரே அளந்த ஆய்வு இது.

காலுள்ள மீன்: நீரில் இருந்து நிலத்துக்கு விலங்குகள் வந்த காலம் எது என்று கணித்து, அதே வயதுள்ள பாறை கனடாவின் வட துருவப் பகுதியில் இருப்பதைப் பார்த்து, அங்கே போய்ப் பல முறை தேடினார்கள் விஞ்ஞானிகள். 2004ல் கிடைத்தது டிக்டாலிக். சுமார் 37.5 கோடி ஆண்டு பழமை. செதிலும் துடுப்பும் உண்டு. கழுத்தும், துடுப்புக்குள் கை எலும்புகளும் உண்டு. எங்கே தேட வேண்டும் என்பதைப் பரிணாமமே சொல்லிக்கொடுத்தது.

குரோமோசோம் கணக்கு: மனிதனுக்கு 23 ஜோடி, சிம்பன்சிக்கு 24 ஜோடி. ஒரே மூதாதை என்றால் ஒரு ஜோடி எங்கே போனது? மனிதனில் இரண்டு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். தேடிப் பார்த்தால், மனிதனின் 2ஆம் குரோமோசோமின் நடுப்பகுதியில் ஒட்டிய தழும்பு இருக்கிறது. குரோமோசோமின் நுனியில் மட்டும் இருக்க வேண்டிய டிஎன்ஏ வரிசை அங்கே நடுவில் கிடக்கிறது.

மருந்துக்கு அடங்காத கிருமி: ஆன்டிபயாடிக் போட்டதும் பெரும்பாலான பாக்டீரியா செத்துவிடும். தற்செயலாக எதிர்ப்புத் திறன் உள்ள சில பிழைக்கும், பெருகும். டார்வின் சொன்ன அதே நான்கு படிகள். டாக்டர் சீட்டு இல்லாமல் நாமே மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

வெறும் தியரிதானே?

பரிணாமம் பற்றிப் பேசும்போது பலரும் கேட்கும் கேள்வி இது. பேச்சு வழக்கில் தியரி என்றால் ஊகம். அறிவியலில் அப்படி இல்லை. பல வழிகளில் சோதித்து, பொய் என்று காட்ட முயன்று, அதையும் தாண்டி நிற்கும் விளக்கத்துக்குத்தான் கோட்பாடு என்று பெயர்.

டார்வினுக்கு மரபணு தெரியாது. டிஎன்ஏ தெரியாது. பூமியின் வயது தெரியாது. இவை எல்லாமே அவர் காலத்துக்குப் பிறகு, அவரை நிரூபிக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாத வேறு துறைகளிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றும் அவர் சொன்னதைக் கவிழ்த்திருக்கலாம். மரபு பற்றிய அவரது விளக்கத்தைக் கவிழ்க்கவும் செய்தன. இயற்கைத் தேர்வையும் ஒரே மூதாதை என்ற முடிவையும் மட்டும் மேலும் உறுதியாக்கின.

இதை நம்பச் சொல்லி அவர் யாரையும் கேட்கவில்லை. உப்பு நீரில் எத்தனை விதை போட்டேன், எத்தனை நாள் கழித்து எடுத்தேன், எத்தனை முளைத்தது என்று எண்ணிக்கையோடு எழுதி வைத்தார். சந்தேகம் இருப்பவர்கள் இன்றைக்கும் ஒரு பாட்டிலில் உப்புத் தண்ணீர் ஊற்றி, அதைச் செய்து பார்க்கலாம்.